பரவாயில்லை என்றால் இரண்டு

காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து, கைப்பிடியில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பேன். காய்ச்சுவேன். காப்பித்தூள் டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கும். துணியால் பிடித்துத் திருகுவேன். காப்பியைக் குடித்துக்கொண்டே குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைப்பேன். மதியத்துக்கும் அதுதான், இரவுக்கும் அதுதான். விசில் வரும் நேரத்தில் போனில் மணி அடிக்கும்.

“இனிய காலை வணக்கம். மிருதுளா இன்று நலமாக இருக்கிறார். கட்டி: இல்லை. வலி: இரண்டு.”

பார்த்துவிட்டு அழிப்பேன். குளிப்பேன். கம்பெனி பஸ் வரும்.

மிருதுளா என் மனைவி. போன ஆடியில் இறந்துவிட்டாள்.

இந்தச் செய்தியை நிறுத்தச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியின் உதவி எண்ணில் பேசும் பெண் ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவிப்பாள். பராமரிப்பாளர் என்று என் எண்தான் பதிவாகி இருக்கிறது, நோயாளி உயிரோடு இருக்கும்வரை பராமரிப்பாளரை நீக்க முடியாது என்பாள். நோயாளி இறந்துவிட்டாள் என்பேன். அது தெரியும் சார், ஆனால் சோதனையில் இருக்கிற நோயாளி இறக்கவில்லையே என்பாள். போனை வைத்துவிடுவேன். என் அழைப்பு திருப்தியாக இருந்ததா என்று உடனே இன்னொரு செய்தி வரும்.

மிருதுளாவுக்கு வந்தது பரம்பரையாக வரும் புற்று. ஒரே ஒரு மரபணுவில் ஒரு பிழை. அந்தப் பிழை உள்ள செல்லை மட்டும் தேடிப்போய் அழிக்கிற மருந்து ஒன்றைக் கோவையில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்ததும் அவளுடைய ரத்தம், கட்டி, மரபணு எல்லாவற்றையும் அளந்து கணினிக்குள் இன்னொரு மிருதுளாவைச் செய்தார்கள். அதற்கு இணையுடல் என்று பெயர். எந்த அளவு மருந்தும் முதலில் இணையுடலுக்குப் போகும். அது தாங்கினால்தான் இவளுக்கு.

நல்ல ஏற்பாடுதான். ஒரே சிக்கல், வலியை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. அதனால் தினமும் காலையில் போன் அவளிடம் கேட்கும். அவள் சொல்வதை இணையுடல் கேட்டுக் கற்றுக்கொள்ளும். உடம்பு இந்த நிலையில் இருந்தால் மிருதுளா இப்படிச் சொல்வாள் என்று சில வாரங்களில் அதற்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவள் குரலிலேயே சொல்லவும் ஆரம்பித்தது.

அவள் போன பிறகும் அதை நிறுத்தவில்லை. சோதனை முடியும்வரை ஓடட்டும் என்று அவளே சம்மதித்திருந்தாள். அதன் காலத்தை, மருந்து தொடங்கிய சித்திரைக்குத் திருப்பி வைத்தார்கள். அவளுக்குப் படிப்படியாக ஏற்றிக் கடைசியில் கொடுத்த நான்காம் அளவை அதற்கு முதலிலிருந்தே கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி கரைந்துவிட்டது. மிருதுளாவுக்குத் திருப்பி வைக்கச் சித்திரை எதுவும் இல்லை.

என் மாமியார் துளசிமணி வெள்ளிக்கிழமைதோறும் காங்கயத்திலிருந்து பஸ் ஏறி வந்து இணையுடலோடு பேசுவார். குடும்பத்தாருக்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருக்கிறது. பேசிவிட்டு என் வீட்டுக்கு வருவார். பையில் முருங்கைக்காய் இருக்கும், தேங்காய் இருக்கும், ஒற்றை ஆள் என்ன செய்வான் என்று யோசிக்காமல் ஒரு முழுப் பூசணிக்காயும் இருக்கும்.

தை பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் முகம் தெளிவாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் வீட்டில் அவர் எப்போதும் நுனியில்தான் உட்காருவார்.

“மாப்ளே, நீங்க ஒருக்காவாச்சும் வந்து பேசோணுமுங்க. அவ எதிர்பாக்கறா.”

“கேட்டுச்சா?”

“நேரா கேக்கலீங்க. நானாத்தான் சொன்னேன், அவருக்கு வேலை சாஸ்தின்னு. பரவால்லைன்னா.”

“அது அப்படித்தான் சொல்லும் அத்தை.”

“அதுன்னு சொல்லாதீங்க மாப்ளே.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். மிருதுளாவின் தங்கை தாரணிக்கும் அதே பிழை. அது முன்பே தெரியும். இப்போது பரிசோதனையில் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறதாம். ஆனால் பயப்பட வேண்டியதில்லையாம். தாரணிக்குத் தனியாக இணையுடல் செய்யப் பல வாரம் பிடிக்கும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, அக்காவுடையதே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ரத்தம் ஒன்று, மரபணு ஏறக்குறைய ஒன்று, பேச்சும் ஒன்று. இணையுடலுக்கு எது பலித்ததோ அதையே அடுத்த வாரம் தாரணிக்குத் தொடங்கப்போகிறார்கள்.

“எந்த அளவு?” என்றேன்.

“நாலாவதுங்க. அதுலதானுங்களே இவளுக்குக் கரைஞ்சுது. அக்கா முன்னாடி போயி வழியப் பாத்துட்டான்னு டாக்டர் சொன்னாருங்க.”

நான்காம் அளவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். போர்வை காலில் பட்டால் மிருதுளாவால் தாங்க முடியாது. கட்டிலின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, போர்வையை அவற்றின் மேல் விரித்து, கால்மேல் படாமல் கூடாரம்போல் செய்து வைத்திருந்தேன். ஃபேன் காற்று பட்டாலும் வலிக்கும். தலையணை உறையின் ஓரத்தை எந்நேரமும் கடித்துக்கொண்டிருப்பாள். காலையில் போன் மணி அடித்ததும் உறையை வாயிலிருந்து எடுப்பாள். எச்சிலைத் துடைப்பாள். “பரவாயில்லைங்க” என்பாள். மறுபடியும் உறையைக் கடித்துக்கொள்வாள்.

கடைசியில் மூச்சு நின்றுதான் போனாள். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் என்று எழுதினார்கள். நுரையீரலில் நோய் இருந்தது உண்மைதான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சோதனையை நடத்தும் டாக்டர் பிரசன்னாவைப் பார்க்கப் போனேன். என்னைவிடச் சற்றே மூத்தவர். மிருதுளா இறந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

தாரணிக்கு ஏன் எடுத்த எடுப்பில் நான்காம் அளவு என்று கேட்டேன். குறைவாகக் கொடுத்தால் கட்டி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த அளவுக்கும் மசியாது, மிருதுளாவுக்கு ஒன்று இரண்டு என்று படிப்படியாகப் போனதில் அதுதான் நடந்தது என்றார். வலி என்றேன். அதற்குத்தான் காத்திருந்தவர்போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இந்த மருந்து பூட்டைப் பாத்து சாவி போடற மாதிரி, நவநீதன். பிழை இருக்கற செல்தான் பூட்டு. நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுலயும் கிட்டத்தட்ட அதே பூட்டு. மருந்து அதிகமானா அதையும் திறந்துடும்.”

“திறந்தா?”

“முதல்ல வலி வரும். விட்டா மூச்சு விடற நரம்பு வரைக்கும் போகும். ஸ்கேன்ல தெரியறப்போ கை மீறிடும். அதனால நரம்பு எவ்வளவு கெட்டிருக்குங்கறதையே நாங்க வலியை வெச்சுத்தான் கணக்குப் போடறோம். பத்துக்கு அஞ்சைத் தாண்டினா மருந்தை நிறுத்திடுவோம். மிருதுளா மேடத்துக்கு ஒரு நாள்கூடத் தாண்டல.”

“யார் சொன்னது?”

“அவங்கதான்.”

திரையை என் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை. பரவாயில்லைங்க. பக்கத்தில் ஓர் எண். இரண்டு. பரவாயில்லைங்க, இரண்டு. முதல் அளவில் அவள் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளிலும் அதுதான். போர்வைக் கூடாரத்துக்குள் கிடந்த நாளிலும் அதுதான்.

பரவாயில்லை என்றால் இரண்டு என்று யார் முடிவு செய்தது என்று கேட்டேன். யாரும் முடிவு செய்யவில்லையாம். ஆயிரக்கணக்கான தமிழ் நோயாளிகளின் பேச்சிலிருந்து நிரல் தானே கற்றுக்கொண்டதாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் இப்ப பரவாயில்லை என்பார்கள். சோதித்துப் பார்த்தால் அவர்களுக்கு உண்மையிலேயே வலி குறைந்திருக்கும். புள்ளிவிவரம் வலுவாக இருக்கிறது என்றார்.

“அது ‘இப்ப பரவாயில்லை’ டாக்டர். இவ எங்கயாவது ‘இப்ப’ சொல்லியிருக்காளா, பாருங்க.”

அவர் பார்த்தார். இல்லை.

நான் விளக்கினேன். தொண்டை வறண்டுபோகும் அளவுக்கு விளக்கினேன். இப்ப என்ற சொல் இருந்தால் அது நோயைப் பற்றிய பேச்சு. அது இல்லாமல் வெறுமனே பரவாயில்லைங்க என்றால் அது கேட்டவரைப் பற்றிய பேச்சு. நீங்கள் சிரமப்படாதீர்கள் என்று அர்த்தம். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் அவர்கள் வீட்டில் பரவால்லீங்கதான். என் மாமியாருக்கு ஒருமுறை பஸ்ஸில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கண்டக்டர் பதறிப்போய்க் கேட்டதற்குப் பரவால்லீங்க தம்பி என்று சொல்லிவிட்டு, இறங்கி நடந்து கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிளேட் வைத்தார்கள். இடது கையால் தாம்பூலம் வாங்கிவிட்டோமே என்பதுதான் இன்றுவரைக்கும் அவருக்கு வருத்தம்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார், ஒருவர் தொடர்ந்து ஒரே மாதிரி பதில் சொல்வது நல்ல தரவு என்று.

எனக்கு வேலை பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். எந்த அழுத்தத்திலும் இரண்டே காட்டுகிற பிரஷர் கேஜை நாங்கள் கழற்றி வீசுவோம், பம்ப் நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டோம் என்றேன்.

“மனுஷங்க பம்ப் இல்லைங்க நவநீதன்.”

“நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

அங்கிருந்து நேராகத் தாரணியின் விடுதிக்குப் போனேன். கணக்குத் தணிக்கைக்குப் படிக்கிறாள். அக்காவைப்போல் இல்லை, வாய் அதிகம். விடுதி வாசலில் பைக்குகளுக்கு நடுவே நின்று பேசினோம். கையில் பஜ்ஜிப் பொட்டலம் வைத்திருந்தாள். எனக்கு ஒன்று நீட்டினாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் தின்றுகொண்டே கேட்டாள்.

“அப்ப எனக்கு மருந்து வேண்டாங்கறீங்களா மாமா?”

“ரெண்டாம் அளவுல ஆரம்பிக்கட்டுங்கறேன். உனக்கு இப்பத்தான் தொடக்கம். ஏத்திக்கலாம்.”

“பழகிருச்சுன்னா? நீங்க வலிக்குப் பயப்படறீங்க. நான் சாவுக்குப் பயப்படறேன்.”

“அந்த வலிதான் மூச்சை நிறுத்தறது தாரணி. ரெண்டும் வேற வேற இல்ல.”

அவள் எண்ணெய்க் கையைப் பொட்டலத்தாளில் துடைத்தாள். சரி, எப்படியானாலும் ஒன்று செய், வலித்தால் வலிக்கிறது என்று சொல், எண்ணாகவே சொல், ஏழு என்றால் ஏழு என்று சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. என் எரிச்சலைவிடப் பெரியது.

“எப்பச் சொல்றது? அம்மா பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கறப்பவா? ஏழுன்னு சொன்னா அது அன்னைக்குச் சோறு திங்குமா? அக்காவுக்கும் அதான மாமா. போனு கேட்டாலும் ரூம்ல இருந்தது அம்மாதான.”

அவள் நிறுத்தவில்லை.

“நீங்க மட்டும் என்ன. காரியம் முடிஞ்சு இத்தன மாசம் ஆச்சு. எல்லாரும் கேக்கறாங்கல்ல, எப்படி இருக்கறீங்கன்னு. என்ன சொல்றீங்க?”

பரவாயில்லை என்றுதான் சொல்கிறேன்.

“அளவை மாத்தோணும்னா அவங்ககிட்டச் சொல்லி மாத்துங்க. என்னைப் பல்லைக் கடிக்காதேன்னு சொல்லாதீங்க. எனக்கு வேற மாதிரி தெரியாது.” பொட்டலத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மறுபடி பிரசன்னாவிடம் போனேன். இணையுடலைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. துக்கம் ஆறுவதற்கு இது உதவும் என்று நினைத்துவிட்டார். குடும்ப அறை சின்னது. சோபா, மேசைமேல் டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு திரை. திரையில் முகமெல்லாம் கிடையாது. நாடித்துடிப்பு, மூச்சு, கட்டி, நரம்பு உறை, எல்லாம் பச்சை எழுத்தில். மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துப் பேசுவது இந்தப் பச்சை எழுத்துகளைத்தான்.

மருந்தின் அளவை ஏற்றுங்கள் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். எந்த மனிதராலும் தாங்க முடியாத அளவுக்கு என்றேன். தயங்கினார். அது ஒரு நோயாளியின் இணையுடல், வீணாகத் துன்புறுத்த விதியில் இடமில்லை என்றார். அதுதான் துன்பப்படுவதே இல்லையே, ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினார்.

நாடித்துடிப்பு சிவப்பானது. ரத்த அழுத்தம் சிவப்பானது. கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் சிவந்தன. நரம்பு உறை மட்டும் பச்சையாகவே இருந்தது. பிரசன்னா, போன் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். வலி எப்படி இருக்கிறது.

“பரவாயில்லைங்க” என்றது.

அவள் குரல்தான். ‘ங்க’வில் லேசாக மூச்சு வாங்குவது உட்பட. ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். நான் டிஷ்யூ பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரசன்னா இன்னும் ஏற்றினார். இதயம் நின்றுவிடும் என்று திரை எச்சரித்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். நரம்பு உறை பச்சை. அவர் வேகமாக எல்லாவற்றையும் பழைய அளவுக்கு இறக்கினார். கொஞ்ச நேரம் கையைத் திரையின் மேலேயே வைத்திருந்தார்.

“அது அவங்களை ரொம்ப சரியாக் கத்துக்கிட்டிருக்கு” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் நோயாளி சொன்ன வலியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவுக்குத்தான் இருக்கிறது, நானே எழுதிப்போடுகிறேன் என்றார். சொன்னபடி அன்றைக்கே எழுதிப்போட்டார். தாரணியின் மருந்து குழு கூடும்வரை தள்ளிவைக்கப்பட்டது. மாமியார் போனில் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. வைக்கும்போது, ஏனுங்க மாப்ளே இப்படிப் பண்றீங்க என்று மட்டும் கேட்டார்.

நெறிக்குழுவின் தலைவர் மெஹருன்னிசா, ஓய்வுபெற்ற வழக்கறிஞர். கோட்டைமேட்டுக்காரர். மற்ற உறுப்பினர்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பேசுகிறவரின் வாயைப் பார்த்தார். எனக்குப் பின்வரிசையில் தாரணியும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரசன்னா குடும்ப அறையில் நடந்ததைத் தடுமாறாமல் சொன்னார். நான் ‘இப்ப’ பற்றிச் சொன்னேன். இந்த முறை சுருக்கமாகச் சொன்னேன், அலுத்துவிட்டது.

“அந்த வார்த்தை எங்க வீட்டு உருதுலேருந்து உங்க வீட்டுக்கு வந்தது” என்றார் மெஹருன்னிசா. “பர்வா நஹீ. கண்டுக்காதே, விடுன்னு அர்த்தம். வலி இல்லைன்னு அர்த்தம் இல்ல. எனக்குப் புரியுது தம்பி. ஆனா எனக்குப் புரியறது போதாது.”

விதியை அவர் விளக்கினார். வலியைப் பற்றி நோயாளி சொன்னதே இறுதி. கணவன் சொன்னது, தகப்பன் சொன்னது, டாக்டர் சொன்னது எதுவும் செல்லாது. அவர் வழக்காடிய காலத்தில் அவள் தாங்குவாள், அவள் நடிக்கிறாள், அவளுக்கு எப்போதும் இப்படித்தான் என்று பெண்களுக்குப் பதிலாகப் பேசிய புருஷர்களை நிறையப் பார்த்திருக்கிறார். அந்த விதியைக் கொண்டுவரப் போராடியவர்களில் அவரும் ஒருவர். இப்போது ஒரு புருஷன் வந்து நிற்கிறான், அவள் சொன்னது அதுவல்ல என்று. நல்லவனாகவே தெரிகிறான். நல்லவனாகத் தெரிகிறான் என்பதற்காக விதியைத் தளர்த்த முடியாது.

விதி சரியானது என்றேன். உண்மையில் சரியானதுதான். அதுதான் என்னை மிகவும் களைப்படையச் செய்தது.

“ஒரே ஒரு விலக்கு இருக்கு” என்றார். “நோயாளியே தன் வாயால, எனக்குப் பதிலா இவர் சொல்லட்டும்னு எப்பவாவது சொல்லியிருந்தா, உங்க கண்ணு பார்த்தது அவங்க வாக்குமூலம். அந்தப் பதிவு முழுக்கத் திருத்தப்படும். அப்படிச் சொன்னாங்களா?”

பிரசன்னா குறுக்கிட்டார். பதில் சொல்வதற்கு முன்னால் குடும்பத்தாருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்றார். வலியின் எண்கள் திருத்தப்பட்டால் இணையுடலின் நரம்புக் கணக்கும் முதலிலிருந்து மாறும். கடைசிவரை மறுபடி ஓட்டிப் பார்த்தால் அது தாங்காது. தாரணிக்கு இரண்டாம் அளவில் தொடங்கலாம். ஆனால் இணையுடல் இருக்காது.

பின்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நான் திரும்பவில்லை. இங்கே நான் வாயைத் திறந்தால் மாமியாருக்கு இனி வெள்ளிக்கிழமை கிடையாது.

“அது நின்னு போயிருங்களா டாக்டர்?” என்று மாமியார் கேட்டார்.

‘அது’ என்றார்.

“ஆமாம்மா.”

தாரணி ஏதோ முணுமுணுத்தாள். மாமியார் அவளைச் சும்மா இரு கண்ணு என்றார்.

பிரசன்னா பதிவுகளின் கடைசி வரியைத் திரையில் காட்டினார். அந்தப் பட்டியலில் பரவாயில்லைங்க என்று இல்லாத ஒரே வரி அது. பதில் இல்லை என்றிருந்தது. எண் எதுவும் இல்லை.

பதில் இருந்தது என்றேன். போனுக்குச் சொன்ன பதில் இல்லை, எனக்குச் சொன்னது. போனுக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

சொல்லுங்கள் என்றார் மெஹருன்னிசா.

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இணையுடலிடம் அவளுடைய எல்லாப் பேச்சும் இருந்தது. இது ஒன்று மட்டும் இல்லை. அவ்வளவுதான்.

சொன்னேன். ஆடி மாதக் காலை. அத்தை கீழே இட்லி வாங்கப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். போன் மணி அடித்தது. அவள் தலையணை உறையை வாயிலிருந்து எடுத்தாள். வலி எப்படி இருக்கிறது என்று போன் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. போன் அதே இனிமையோடு இரண்டாம் முறை கேட்டது. அவள் அதை என் பக்கம் தள்ளினாள். பிறகு பேசினாள். நான் போனிடம் பத்து என்று சொன்னேன். நோயாளி மட்டுமே பதிலளிக்க வேண்டும் என்று அது சொன்னது. நர்ஸைக் கூப்பிட்டேன், வந்து ஊசி போட்டார்கள், தூங்கினாள். பிறகு விழிக்கவில்லை.

அந்தப் போனைத் தள்ளிவிட்டு என்ன சொன்னார் என்று மெஹருன்னிசா கேட்டார். அவள் சொன்னபடியே, ஒரு சொல்கூட மாறாமல் வேண்டும் என்றார்.

“எனக்குச் சொல்ல வர மாட்டேங்குதுங்க. நீங்களே சொல்லிருங்க.”